இரு தகடுகளுக்கு நடுவே

எட்டுக்கு நாலு அடி ஏ.சி.பி. (அலுமினியம் காம்போசிட் பேனல்) ஷீட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்தக் கனம் 4 மில்லிமீட்டர். முன்னும் பின்னும் கால் மில்லிமீட்டர் அலுமினியம், நடுவில் பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக். கணக்குப் போட்டால் இதில் அலுமினியம் சுமார் 4 கிலோ, பிளாஸ்டிக் 9 கிலோவுக்கு மேல். அலுமினியம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள், வாங்குகிறோம். எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பிளாஸ்டிக்கைத்தான் சுவரில் மாட்டுகிறோம்.

கோவையில் காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டிலும் ஒப்பணக்கார வீதியிலும் நடப்பவர் கண்ணில் இந்த ஷீட் படாமல் இருக்காது. அவினாசி சாலையின் கார் ஷோரூம்கள், பெட்ரோல் பங்க் கூரைகள், மருத்துவமனை முகப்புகள், ஈரோடு, திருப்பூர் ஜவுளிக்கடைகள் எல்லாம் இதைத்தான் போர்த்தியிருக்கின்றன. எங்கிருந்து வந்தது இது?

பிறந்தது ஜெர்மனியின் தென்கோடியில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய சிங்கன் என்ற ஊரில். சுவிஸ் அலுமினிய நிறுவனமான அலுசுவிஸ், பிளாஸ்டிக் நுட்பத்தில் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தோடு சேர்ந்து, 1960களில் இதை உருவாக்கியது. 1969இல் ‘அலுகோபாண்ட்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. தனி அலுமினியத் தகட்டை மெல்லியதாக விட்டால் நெளியும். நெளியாத கனத்துக்குப் போனால் விலையும் பாரமும் ஏறும். இரண்டு மெல்லிய தகடுகளை நடுவில் இடைவெளி விட்டு ஒட்டிவிட்டால் குறைந்த உலோகத்திலேயே விறைப்பு கிடைக்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் பிளாஸ்டிக். மெல்லிய தோலுக்குள் பூரணம் நிறைந்த நம்மூர் ஒப்புட்டுதான் இதன் அமைப்பு. ஆலையில் இரண்டு சுருள்களிலிருந்து தகடு ஓடிவர, உருகிய பிளாஸ்டிக் இடையில் புகுந்து, உருளைகளின் அழுத்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. வண்ணம் அதற்கு முன்பே தகட்டில் பூசப்பட்டிருக்கும்.

அந்த 1960களில் கொங்கு மண்ணிலும் ஓர் அலுமினியக் கதை தொடங்கியது. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட், மேட்டூரில் இருந்த மால்கோ ஆலைக்கு இறங்கி வந்தது. ஒரு டன் அலுமினியம் எடுக்க ஏறத்தாழ 4 டன் பாக்சைட்டும் 13,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரமும் வேண்டும். அந்த ஆலை 2008இல் உலோகம் உருக்குவதை நிறுத்தியது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் கோவையின் முகப்புகளில் அலுமினியம் பளபளக்கத் தொடங்கியது. சீனாவிலிருந்து இறக்குமதியாகி வந்த ஷீட், பின்னர் ஹரித்வாரிலிருந்தும் குஜராத்தின் உம்பர்காவிலிருந்தும் லாரியேறியது. மலையும் உலையும் வைத்திருந்த கொங்கு மண், ஷீட்டை வெளியிலிருந்து வாங்கியது.

கோவை அதை விரும்பியதற்குக் காரணம் சிக்கனமும் அவசரமும். முப்பது வருடத்துக் கட்டிடத்தின் காரை பெயர்ந்திருக்கும், ஜன்னல்கள் ஒரே வரிசையில் இருக்காது, குழாய்கள் வெளியே தொங்கும். இடித்துக் கட்டக் காசும் நேரமும் இல்லை. கீழே வியாபாரம் நிற்கக் கூடாது. “முன்னால ஏ.சி.பி. அடிச்சு உட்ருங்க” என்றால் எலிவேஷன் சில வாரங்களில் மாறிவிடும். சிமென்ட், தண்ணீர் அதிகம் வேண்டாம், தூசியும் அதிகம் கிளம்பாது. பெரிய நிறுவனங்களுக்கு இன்னொரு வசதி: கம்பெனி நிறம் ஊருக்கு ஊர் மாறாது.

ஷீட் முதலில் போவது பட்டறைக்கு. பம்பும் மோட்டாரும் செய்து பழகிய ஊரில் அளவு பிசகாமல் வெட்டுவதற்கு ஆள் பஞ்சமில்லை. ரூட்டர் மெஷினால் பின்பக்கத் தகட்டையும் பிளாஸ்டிக்கின் பெரும்பகுதியையும் ‘வி’ வடிவில் கீறி, முன்தகட்டை விட்டுவைத்தால் கையாலேயே மடிக்கலாம். நான்கு ஓரமும் மடிந்து ஆழமில்லாத பெட்டியாகிவிடும். சுவரில் ஆங்கர் போல்ட் அடித்து, ஸ்கொயர் டியூப்பில் சட்டம் போட்டு, அதில் இந்தப் பெட்டிகளைத் திருகுவார்கள். இடைவெளிகளில் சிலிகான் பூசுவார்கள். கடைசியாக மேலிருக்கும் பிலிமை உரித்தால் வேலை முடிந்தது.

சுவரேறியபின் முதல் எதிரி காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதத்தில் வரும் காற்றைக் கோவைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்று முகப்பைத் தள்ளுவதோடு நில்லாது. கட்டிடத்தின் மூலைகளில் ஷீட்டை வெளியே உறிஞ்சி இழுக்கும். மூலையில் திருகைக் குறைத்த இடம்தான் முதலில் படபடக்கும். அடுத்த எதிரி வெயில். பி.வி.டி.எஃப். பூச்சு வருடக்கணக்கில் நிறம் தாங்கும். பாலியஸ்டர் பூச்சு விலை குறைவு, சீக்கிரம் வெளிறும். பின்னாலிருக்கும் சந்தில் புறா குடியேறும். நிறம் போனதும் புது ஷீட் வரும், பழையது காயலான் கடைக்குப் போகும். அலுமினியத்தை மறுபடி உருக்க, புதிதாக எடுக்கத் தேவைப்படுவதில் இருபதில் ஒரு பங்கு ஆற்றல் போதும். ஆனால் பிளாஸ்டிக்கோடு இறுக ஒட்டிய தகட்டைப் பிரிப்பது பெரும்பாடு. அதனால் சுத்தமான அலுமினியத்துக்கு உள்ள மதிப்பு இதற்கு இல்லை.

இது இயல்பான ஆயுள். நெருப்பில் முடிந்த ஆயுளும் உண்டு. 2014 நவம்பரில் மெல்போர்னின் லாக்ராஸ் கட்டிடத்தில் ஒரு பால்கனியில் பிடித்த தீ சில நிமிடங்களில் மேல்தளங்கள் வரை ஏறியது. 2015இன் கடைசி இரவில் துபாயின் அட்ரஸ் ஹோட்டல் புத்தாண்டுக் கூட்டத்தின் கண்ணெதிரே எரிந்தது. 2017 ஜூன் 14 அதிகாலை லண்டனின் 24 மாடி கிரென்ஃபெல் கட்டிடத்தில், நான்காம் மாடிச் சமையலறை ஒன்றில் குளிர்சாதனப் பெட்டியருகே தொடங்கிய தீ வெளிச்சுவரைப் பற்றியது. 72 பேர் இறந்தார்கள். தீ அவ்வளவு வேகமாகப் பரவ முதன்மைக் காரணம் பாலிஎத்திலீன் நிரப்பிய ஷீட்தான் என்று விசாரணை அறிக்கை 2019இல் சொன்னது. தட்டையாக ரிவெட் அடித்ததைவிட, பெட்டியாக மடித்து மாட்டியது மோசமாக எரியும் என்பதும் வெளிவந்தது. நம் பட்டறைகளில் மடிப்பதும் பெட்டிதான்.

கிரென்ஃபெல் தீக்கு இரண்டு வாரம் முன்பு, 2017 மே 31 அன்று, சென்னை தி.நகர் உஸ்மான் சாலையில் ‘தி சென்னை சில்க்ஸ்’ கட்டிடம் எரிந்தது. அங்கே ஏ.சி.பி.தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் புகை வெளியேற வழியில்லாத கடைக்குள் தீயணைப்பு வீரர்கள் எப்படித் திணறினார்கள் என்பதை ஊரே தொலைக்காட்சியில் பார்த்தது. ஜன்னல்களை மூடி ஷீட் அடிப்பவர்கள் அதை நினைவில் வைக்க வேண்டும்.

பாலிஎத்திலீன் எரியும்போது தரும் வெப்பம், கிலோவுக்குக் கிலோ மண்ணெண்ணெய்க்குச் சமம். நாற்பதடி அகலம், முப்பத்தைந்தடி உயரமுள்ள முகப்புக்குச் சுமார் 44 ஷீட் பிடிக்கும்; அதில் ஏறக்குறைய 400 கிலோ பிளாஸ்டிக். 500 லிட்டர் மண்ணெண்ணெய்யைக் கடை முகப்பில் தூக்கி வைக்க யாராவது சம்மதிப்பார்களா? இந்த ஷீட்டுக்குப் பின்னால்தான் பெயர்ப்பலகை விளக்கின் ஒயர்களும் ஏ.சி. எந்திரங்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தமிழ்நாட்டின் 2019 கட்டிட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால்தான் அது உயர்மாடிக் கட்டிடம். நம் கடைவீதிகளின் பெரும்பாலான முகப்புகள் அந்த உயரத்துக்குக் கீழே இருக்கின்றன. அங்கே ஷீட்டைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் சதுர அடி ரேட்டுதான்.

மாற்று இல்லாமல் இல்லை. நடுவில் பிளாஸ்டிக்கைக் குறைத்து, அலுமினியம் ஹைட்ராக்சைடு போன்ற கனிமத் தூளை நிறைத்த எஃப்.ஆர். ரகம் சந்தையிலேயே கிடைக்கிறது. சூடேறும்போது அந்தத் தூள் தன்னுள் இருக்கும் நீரை ஆவியாக விட்டுத் தீயின் வேகத்தைத் தணிக்கும். அதற்கும் மேலான ஏ2 தரத்தில் கனிமம் மிக அதிகம், எரிவதற்குப் பிளாஸ்டிக் மிகக் குறைவு. கனிமம் பிளாஸ்டிக்கைவிடக் கனமானது. ஆகவே ஒரே அளவு, ஒரே தகட்டுக் கனமுள்ள இரு ஷீட்டுகளில் எஃப்.ஆர். என்று சொல்லப்படுவது சாதாரண ரகத்தின் எடையே இருந்தால் சந்தேகப்படலாம்.

எலிவேஷன் மாற்றப் போகிறவர்களுக்கு மூன்றே வேண்டுகோள். நடுவில் இருப்பது என்ன என்று கேட்டு, அந்த ரகத்தைப் பில்லில் எழுதி, சோதனைச் சான்றிதழோடு வாங்குங்கள். படிக்கட்டையும் ஜன்னலையும் மூடாதீர்கள். ஷீட்டுக்குப் பின்னால் ஓடும் ஒயரைத் தகுதியுள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு மட்டும் போடுங்கள். நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு நாள் செலவழிக்கிறோம். உள்ளிருப்பதைக் கேட்க அரை மணி நேரம் போதும்.