சித்திலெவ்வையும் ஒரு கட்டுரை வினாவும்



வெளிவாரிப் பட்டப் பரீட்சையில் சமூகவியல் எழுதிய நமதூர்த் தங்கை ஒருவர் கேட்டார்: "சேர், நாலு பக்கம் எழுதினேன். ஏன் புள்ளி குறைஞ்சது?"

வினா இதுதான்: 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கை முஸ்லிம்களின் சமூக மாற்றத்தில் கல்வியின் பங்கை ஆராய்க.

அவர் எழுதியிருந்தது அறிஞர் சித்திலெவ்வையின் வாழ்க்கை வரலாறு. 1838இல் கண்டியில் பிறந்தது, சட்டத்தரணியானது, 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியது எல்லாம் சரி. ஆனால் வினா ஒரு மனிதரைப் பற்றியதல்ல, ஒரு மாற்றத்தைப் பற்றியது. கலாசாலையில் படித்த காலத்தில் நானும் இதே பிழையை விட்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பந்தியில் 'சமூக மாற்றம்' என்றால் என்னவென்று வரையறுங்கள். ஒரு பாடசாலை திறப்பது மட்டும் மாற்றமல்ல. பெற்றோரின் மனப்பாங்கு, தொழில், சமூகத் தலைமை ஆகியவை மாறினவா என்பதே கேள்வி. உங்கள் நிலைப்பாட்டையும் அங்கேயே ஒரு வசனத்தில் சொல்லிவிடுங்கள்.

அடுத்து பின்னணி. ஆங்கிலக் கல்வியும் அரச உத்தியோகமும் பெரும்பாலும் மிஷன் பாடசாலைகள் வழியாகவே கிடைத்தன. பிள்ளையின் மார்க்கம் போய்விடும் என்று பயந்த பெற்றோர் குர்ஆன் ஓதுவதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்றாவது காரணங்கள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848இலேயே சைவப் பாடசாலை தொடங்கிவிட்டார். 1880இல் ஒல்கொட் வந்தபின் பௌத்த பாடசாலைகள் எழுந்தன. 1883இல் எகிப்தின் அறபி பாஷா இங்கே நாடுகடத்தப்பட்டார். 1892இல் மருதானையில் ஸாஹிறா உருவானபோது சித்திலெவ்வையோடு அவரும் வாப்பிச்சி மரிக்காரும் நின்றார்கள். ஒவ்வொரு தகவலுக்கும் பின்னால் "ஆகவே" என்று ஒரு வசனம் எழுதுங்கள். ஆகவே, மார்க்கமும் ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. பெற்றோரின் பயத்துக்கு ஒரு பதில் கிடைத்தது.

நான்காவது மறுபக்கம். கொழும்பில் ஒரு கல்லூரி எழுந்ததால் கிழக்கின் கிராமங்களும் பெண்பிள்ளைகளும் உடனே பயன்பெற்றார்களா? இல்லை. அந்தக் கதவு அகலத் திறக்க 1945இன் இலவசக் கல்வி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. "ஆராய்க" என்ற சொல் கேட்பது இந்த எடைபோடுதலைத்தான்.

முடிவில் சொன்னதையே திரும்பச் சொல்லாமல் தீர்ப்புச் சொல்லுங்கள்: கல்வி மாற்றத்தைத் தொடக்கியது, அரச கொள்கை அதைப் பரவலாக்கியது.

இது புள்ளிக்காக மட்டுமல்ல. நமது வரலாற்றை ஒரு மனிதரின் கதையாகவே படித்தால், இன்னொரு சித்திலெவ்வை வரட்டும் என்று காத்துக்கொண்டே இருப்போம். காரணங்களின் கதையாகப் படித்தால், இன்று நமதூரில் எந்தப் பிள்ளை பாடசாலையை விட்டு இடைவிலகுகிறது, ஏன் என்று கேட்கத் தொடங்குவோம்.

தங்கை மீண்டும் பரீட்சை எழுதப்போகிறார். துஆச் செய்யுங்கள்.