தாது வருஷப் பஞ்சமும் நாசரேத்து மர்காஷியஸ் ஐயரும்

ஆறுமுகநேரியில் திருநெல்வேலி ரயில் ஏறினால் உப்பளங்கள் பின்னால் போய், குரும்பூர், கச்சனாவிளை தாண்டி நாசரேத் வந்துவிடும். பெயரைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவதுண்டு. பழைய பெயர் சாண்பத்து. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவர்கள் குடியேறியபின் வந்ததுதான் இந்தப் பெயர்.

எவரெஸ்ட்டில் ஏறிய எட்மண்ட் ஹில்லாரி 1960இல் ஒரு சிறு அறக்கட்டளை தொடங்கி, நேபாளத்து ஷெர்ப்பாக்களுக்கு 1961இல் கும்ஜுங்கில் பள்ளிக்கூடமும் 1966இல் குண்டேயில் ஆஸ்பத்திரியும் கட்டிக்கொடுத்தார். அது உலகத்துக்கே தெரிந்த கதை. ஏறக்குறைய அதே வேலை அதற்கு 90 வருடம் முன்பே இந்தத் தேரிக்காட்டில் நடந்திருக்கிறது. அது இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கே அவ்வளவாகத் தெரியாது!

நாசரேத்தில் ஆஸ்பத்திரிதான் முதலில் வந்தது. டாக்டர் ஸ்ட்ராக்கன் என்ற மிஷனரி 1870இல் இங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினார். (இவர் பிற்பாடு ரங்கூன் பிஷப் ஆனார்.) 1876இல் ஆர்தர் மர்காஷியஸ் வந்து சேர்ந்தார். இருபதுகளில் இருந்த ஆங்கிலேய இளைஞர், மருத்துவம் படித்தவர், ஆஸ்துமா நோயாளி. இறக்கும்வரை, அதாவது 1908 வரை, 32 வருடம் இவருக்கு இதுவே ஊர்.

அவர் வந்த நேரம்தான் மோசம். மழை பொய்த்து தாது வருஷப் பஞ்சம் தொடங்கிவிட்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் இந்தியாவில் 50 லட்சம் பேருக்கு மேல் செத்திருப்பார்கள் என்பது மதிப்பீடு. செம்மண் தேரியில் வாழ்ந்தவர்களுக்குப் பனைதான் சொத்து. பதநீர் இறங்குவது சில மாதங்கள் மட்டுமே. மீதி மாதங்களுக்குக் கருப்பட்டி விற்ற காசில் தானியம் வாங்கியாக வேண்டும். தானிய விலை ஏறியதும் அந்தக் கணக்கு உடைந்துபோனது. தூத்துக்குடி வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். போக முடியாதவர்கள் மிஷன் பங்களா வாசலுக்கு வந்தார்கள்.

மர்காஷியஸ் அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார். கஞ்சி ஊற்றுவதோடு நிறுத்தியிருந்தால் அவர் பெயரை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். இந்தப் பிள்ளைகள் வளர்ந்து எதை வைத்துப் பிழைப்பார்கள் என்று யோசித்திருக்கிறார். 1878இல் தொழிற்பள்ளி வந்தது. தச்சு, கொல்லு வேலை, நெசவு, தையல் கற்றுக்கொடுத்தார்கள். பனையேற்றம் தவிர வேறு பிழைப்பே கண்டிராத குடும்பத்துப் பையன் கையில் இழைப்புளி கிடைத்தது.

பெண்களின் படிப்பு இன்னும் பெரிய மாற்றம். பக்கத்து திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலைக்காகப் போராடி, 1859இல்தான் மேலாடை அணிய அரசு அனுமதித்தது. அதற்கு ஒரு தலைமுறைக்குள் அதே சமூகத்துப் பெண்கள் நாசரேத்தில் ஆசிரியப் பயிற்சி பெற்று, ஊர் ஊராகப் பாடம் சொல்லப் போனார்கள்.

சரி, இதெல்லாம் மதம் மாற்றத்தானே என்ற கேள்வி அன்றே எழுந்தது. பஞ்ச காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் கிறிஸ்தவர்களானார்கள். ‘சோற்றுக் கிறிஸ்தவர்கள்’ என்ற ஏளனம் இருந்தது. மிஷனரிகளின் நோக்கத்தில் மதமும் உண்டு என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் பசித்தவன் யார் சோறு போட்டாரோ அவரை நம்பினான் என்றால், குறை சொல்ல வேண்டியது அவனையா, அல்லது பஞ்சத்திலும் தானியக் கப்பலை நிறுத்தாத அரசாங்கத்தையா? தவிர, ஏளனம் செய்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார்கள்?

பணம் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தது. இங்கிலாந்துச் சபைகளின் காணிக்கை, நன்கொடை, அரசு மானியம். ஒரே மனிதரைச் சுற்றி நடக்கும் தர்மகாரியங்கள் அவர் போனதும் படுத்துவிடுவது வழக்கம். இங்கே அப்படி ஆகவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் தொழிலாளிகளும் உள்ளூர்க்காரர்களாகவே இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம். லூக்கா ஆஸ்பத்திரி, மர்காஷியஸ் பெயரிலேயே உள்ள பள்ளி, பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி எல்லாம் பின்னர் தென்னிந்தியத் திருச்சபையின் கைக்கு வந்தன. 2003இல் தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் தனியாகப் பிரிந்தபோது ஊரின் பெயரும் அதில் சேர்ந்தது.

திருச்செந்தூருக்கு ரயில் விட வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் மர்காஷியஸும் ஒருவர். அந்தப் பாதை திறந்தது 1923இல், அவர் இறந்து 15 வருடம் கழித்து.