சாட்ஸ்வொர்த் மாளிகையும் 14 வாரங்களும்

இன்று இங்கிலாந்தின் ஒரு மாளிகையைப் பற்றிச் சொல்கிறேன்.

டெர்பிஷயரில், டெர்வென்ட் ஆற்றங்கரையில் இருக்கிறது சாட்ஸ்வொர்த். 1549இல் சர் வில்லியம் கேவன்டிஷும் அவர் மனைவி பெஸ்ஸும் 600 பவுண்டுக்கு வாங்கிய இடம். பின்னாளில் டெவன்ஷயர் டியூக் பட்டம் பெற்ற அதே குடும்பம்தான் இன்றும் அங்கே வாழ்கிறது.

கேவன்டிஷ் என்ற பெயர் நமக்கும் புதிதல்ல. கடையில் நாம் வாங்கும் பச்சைப்பழமும் ஜி9 வாழையும் கேவன்டிஷ் இனமே. 1830களில் மொரீஷியஸ் வாழையை இந்த மாளிகையின் கண்ணாடிக் குடிலில் வளர்த்து, தன் எஜமானின் குடும்பப் பெயரைச் சூட்டியவர் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன். விவசாயி மகன். 1851 லண்டன் கண்காட்சிக்கு கிரிஸ்டல் பேலஸை வடிவமைத்தவரும் அவரே.

ஆசிரியையான எனக்கு மிகவும் பிடித்தது போர்க்காலக் கதை. பட்டாளம் வந்து தங்கினால் மாளிகை பாழாகும், பள்ளிப் பிள்ளைகள் தேவலை என்று கணக்குப் போட்டார் 10ஆவது டியூக். 1939இல் வேல்ஸிலிருந்து பென்ரோஸ் பெண்கள் பள்ளியே அங்கு குடிவந்தது. ஓவியக் கூரைகளுக்குக் கீழே மாணவிகள் கட்டில் போட்டு உறங்கினார்கள்.

பிறகு வந்தது சோதனை. 1944இல் மூத்த மகன் பெல்ஜியப் போர்க்களத்தில் இறந்தார். 1946இல் டியூக் சொத்தை இளைய மகன் ஆண்ட்ரூவுக்கு மாற்றினார். அதன்பின் ஐந்தாண்டுகள் அவர் உயிரோடு இருந்தால் வாரிசு வரி இல்லை. 1950 நவம்பரில் காலமானார். குறைந்தது 14 வாரங்கள்தாம்! வரியோ 80 சதவீதம்.

ஆண்ட்ரூவும் மனைவி டெபோராவும் நிலங்களையும் அரிய ஓவியங்களையும் இழந்தார்கள். பெஸ் கட்டிய ஹார்ட்விக் மாளிகையையே வரிக்கு ஈடாகக் கொடுத்தார்கள். சாட்ஸ்வொர்த்தைப் பொதுமக்கள் கட்டணம் செலுத்திப் பார்க்கும் இடமாக வளர்த்தார்கள். 1981இல் அது ஓர் அறக்கட்டளையின் பொறுப்புக்குப் போனது. தாங்கள் வசிக்கும் பகுதிக்குக் குடும்பத்தாரே வாடகை கட்டுகிறார்கள்.

பாட்டன் கட்டிய வீட்டில் பேரன் வாடகைக்காரன்! எனக்கு இது தோல்வியாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் கெட்டியாகப் பிடித்திருந்தால் எதுவுமே மிஞ்சியிருக்காது. எதை விடுவது என்று அவர்கள் நேரத்தில் தீர்மானித்தார்கள், வீடு நிற்கிறது.