நாராயணவனத்தின் மாவட்டமும் வைஃபையின் எண்ணும்

புத்தூருக்கு அருகிலுள்ள நாராயணவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வட ஆர்க்காடு மாவட்டத்து ஊர். 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதற்குள் வந்தது. 1953இல் மதராஸ் மாநிலத்தினின்று ஆந்திர மாநிலத்திற்குச் சென்றது. அம்மாநிலம் 1956இல் ஆந்திரப் பிரதேசமாயிற்று. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் உருவாக, அதில் சேர்க்கப்பட்டது. ஊரும் கல்யாண வெங்கடேசுவரர் கோயிலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

காக்ஸ் 1881இல் வெளியிட்ட வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டை இன்று எவரும் பிழையானது என்று தள்ளுவதில்லை. அதன் முகப்பில் ஆண்டு இருக்கிறது. இணையக் கலைக்களஞ்சியப் பக்கத்திற்கு அப்படியொரு முகப்பில்லை. பத்தாண்டு இடைவெளியில் எழுதப்பட்ட இரு வாக்கியங்கள் அங்கே அடுத்தடுத்து நிற்கும். முந்தைய வடிவங்கள் சேமிக்கப்பட்டிருந்தாலும் அவற்றைத் திறந்து பார்ப்போர் சிலரே. அவசரக்காரர் ஒருவர் ‘சித்தூர்’ என்று வருமிடமெல்லாம் ‘திருப்பதி’ என்று மாற்றிவிட்டால், 1911இலேயே திருப்பதி மாவட்டம் பிறந்துவிடும். பக்கம் புதுப்பிக்கப்பட்டிருக்கும்; வரலாறு கெட்டிருக்கும்.

கம்பியில்லா வலையமைப்புத் தரங்களைப் பற்றிய பக்கங்களில் இவ்வகைக் காலவழு மலிந்து கிடக்கிறது. ஐஇஇஇ அமைப்பின் 802.11 தரம் 1997இல் வெளிவந்தது. 2020க்குள் அதன் மூல ஆவணம் 1999, 2007, 2012, 2016, 2020 என ஐந்து முறை திருத்தி வெளியிடப்பட்டது. இடையிடையே வந்த இணைப்புத் தரங்கள் தனி. 2018 அக்டோபரில் வைஃபை கூட்டமைப்பு, பொதுமக்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று, 802.11என் தரத்துக்கு வைஃபை 4 என்றும் 802.11ஏசி தரத்துக்கு வைஃபை 5 என்றும் பெயரிட்டது. ஆகவே ‘2009இல் வைஃபை 4 வெளிவந்தது’ என்னும் வாக்கியம், 1895இல் நாராயணவனம் திருப்பதி மாவட்டத்தில் இருந்தது என்பதற்கு நிகரானது. வைஃபை 1, 2, 3 என்ற பெயர்களைக் கூட்டமைப்பு சூட்டவே இல்லை. பிறர் பின்னோக்கி எண்ணி இட்டவை அவை. ஆயினும் பல அட்டவணைகளில் அதிகாரபூர்வப் பெயர்கள்போல் அமர்ந்திருக்கின்றன.

‘வெளிவந்த ஆண்டு’ என்ற பத்தியும் எளிதன்று. 802.11என் கருவிகளுக்கு 2007இலேயே, வரைவு நிலையில், சான்றளிப்பு தொடங்கிவிட்டது. தரம் நிறைவெய்தியது 2009இல். வைஃபை 6 சான்றளிப்பு 2019இல், அதற்குரிய 802.11ஏஎக்ஸ் தரம் 2021இல். வைஃபை 7க்கு 2024 ஜனவரியும் 2025 ஜூலையும். எந்த ஆண்டை எழுதினாலும் அது எதன் ஆண்டு என்று சொல்லாதவரை பயனில்லை. கல்வெட்டில் ஆட்சியாண்டு பட்டமேற்பிலிருந்து எண்ணப்பட்டதா, இளவரசுப் பட்டத்திலிருந்தா என்று வாதிட்டுப் பழகியோருக்கு இது புதிய சிக்கலல்ல.

இந்தியாவில் சட்டமும் இதனுடன் பின்னிக்கிடக்கிறது. 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கம்பியில்லாக் கருவியை வைத்திருக்கவே உரிமம் வேண்டியிருந்தது. 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு விலக்கு கிடைத்தது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலோ பெரும்பகுதி கட்டிடங்களுக்குள் மட்டுமே என்ற கட்டுப்பாட்டிலோ, உரிமத்திலோ சிக்கியிருந்தது. 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்திற்கு, திறந்தவெளிக்கும் சேர்த்து, விலக்கு வந்தது 2018 அக்டோபரில்தான். ஆகவே 2015இல் சிற்றூர் ஒன்றில் அமைந்த வலையமைப்பு ஏன் 2.4 பட்டையிலேயே நெருக்கியடித்து நின்றது என்று ஆராயும் மாணவருக்கு, ‘5 கிகாஹெர்ட்ஸ் உரிமமற்றது’ என்று மட்டும் கூறும் இன்றைய பக்கம் உதவாது. அவர் தேடவேண்டிய வரி, யாரோ பழையதென்று கருதி நீக்கிய வரி.