எழும்பவும் வேண்டும், படியவும் வேண்டும்: சிப்பிச் சுண்ணாம்பும் தொங்கல் வினையூக்கியும்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கரையேறிய சிப்பிகளை வேலியடைத்த கொட்டுகளில் போட்டு அழுகவிடுவார்கள். பிறகு வள்ளத்தில் கடல்நீர் நிரப்பிக் கழுவுவார்கள். கைகள் கிளறக் கிளற அழுகிய சதை நீரோடு எழும்பும். ஓடுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து வெளியே எறிந்தபின் கலங்கல் நீரை மெல்லச் சாய்த்து ஊற்றுவார்கள். அடியில் தங்கும் மண்டியில் மணலும் ஓட்டுத்தூளும் முத்தும் கிடக்கும். பொறுக்கிய முத்துகளை 20 துளையிலிருந்து 1000 துளை வரை உள்ள பித்தளைச் சல்லடைகளில் அளவுவாரியாகப் பிரிப்பார்கள். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. கிளறும்போது எது எழும்ப வேண்டும், கை ஓய்ந்ததும் எது படிய வேண்டும் என்ற கணக்கு அந்த வள்ளத்துக்குள் நடந்தது. திட வினையூக்கியைத் திரவத்தில் தொங்கவிடும் வேதிப்பொறியாளரின் கணக்கும் ஏறத்தாழ இதுவே.

வினையூக்கியைக் கையாளும் மூன்று வழிகளில் இரண்டைத் தூத்துக்குடி பெரிய அளவிலேயே கண்டிருக்கிறது. 1975-இல் உற்பத்தி தொடங்கிய ஸ்பிக் உர ஆலையில், அம்மோனியா உருவாக உதவும் இரும்பு வினையூக்கி அசையாத படுக்கையாகக் கிடக்கிறது. வாயு அதன் ஊடே பாய்ந்து போகிறது. அதை ஒட்டி 1978-இல் தொடங்கிய கனநீர் ஆலையில், பொட்டாசியம் அமைடு திரவ அம்மோனியாவில் கரைந்தே வேலை செய்தது. படுக்கையில் இருப்பதைப் பிரிக்கும் வேலையே இல்லை. கரைந்திருப்பதோ திரவம் போகும் இடமெல்லாம் கூடவே போகும். மூன்றாவது வழி, தூளைத் திரவத்தில் எழுப்பி நிறுத்தும் தொங்கல். வனஸ்பதிக்காக எண்ணெயில் நிக்கல் தூளைக் கலக்கி ஹைட்ரஜனைச் செலுத்துவது இதற்குப் பழைய உதாரணம். தூத்துக்குடிக் கரைக்கு நெருக்கமான உதாரணம் சிப்பிச் சுண்ணாம்பு.

சிப்பி ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதைக் காளவாயில் 900 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டால், 100 கிலோ கார்பனேட்டுக்கு 56 கிலோ கால்சியம் ஆக்சைடு மிஞ்சும். சுட்ட ஓடு உருவம் கெடாமல், கையில் எடுத்தால் லேசாக இருக்கும்; தண்ணீர் பட்டதும் சீறிக் கொதித்து வெடித்து மாவாகும். அந்த வேகத்துக்குக் காரணமான காரத்தன்மைதான் எண்ணெயையும் மெத்தனாலையும் வினைபுரியச் செய்து உயிரி டீசலாக மாற்றுகிறது. சாதாரணமாக இதற்குப் பயன்படும் சோடியம் மெத்தாக்சைடு கரைந்து வேலை செய்வது, வேகமானது, மலிவானது. ஆனால் அதன் எச்சத்தைப் போக்க டீசலைத் தண்ணீரால் கழுவ வேண்டியிருக்கிறது. குடிநீருக்கே தாமிரபரணியை எதிர்பார்த்திருக்கும் ஊரில் இந்தக் கழுவுநீர் சிறிய செலவல்ல. சுண்ணாம்பைத் தொங்கலாக வைத்து வினை முடிந்ததும் படியவிட்டால் அந்த நீரில் பெரும்பகுதி மிச்சமாகும்.

இங்கே தூளின் பருமன் கேள்வியாகிறது. ஆய்வுக்கூடங்களில் பலரும் மிக நுண்ணிய தூளையே விரும்புகிறார்கள், பரப்பு அதிகம் என்பதால். அந்த விருப்பம் பாதிதான் சரி. 1958-இல் ஸ்வீட்டரிங் வெளியிட்ட சமன்பாடு, எந்தத் துகளும் தொட்டியின் அடியில் ஓரிரு வினாடிக்கு மேல் தங்காதிருக்கக் கலக்கி எவ்வளவு வேகத்தில் சுழல வேண்டும் என்று சொல்கிறது. அந்த வேகம் துகளின் விட்டத்தின் 0.2 அடுக்கோடு மட்டுமே உயர்கிறது. விட்டத்தை இரட்டிப்பாக்கினால் கலக்கும் வேகம் 15 சதவீதம் கூட வேண்டும். அதற்கான மின்திறன் ஒன்றரை மடங்காகும். படியும் வேகமோ, ஸ்டோக்ஸ் விதிப்படி, விட்டத்தின் வர்க்கத்தோடு உயர்ந்து நான்கு மடங்காகிறது. எடைக்கு எடை வெளிப்பரப்பு பாதியாகும் என்பது உண்மையான இழப்பு. ஆனால் எண்ணெயும் மெத்தனாலும் ஒன்றோடொன்று கலவாதவை. வினையின் தொடக்கத்தில் தாமதம் பெரும்பாலும் அந்த இரு திரவங்களுக்கு இடையில்தான். அதனால், தொட்டியில் கலக்குவதற்கு ஆகும் கூடுதல் செலவைவிட, பிரிப்பதில் கிடைக்கும் லாபம் பெரிது என்பதே இக்கட்டுரையின் வாதம். மாவைச் சலித்து ஒதுக்கிவிட்டுக் குருணையை வைத்துக்கொள்வதே இந்தக் கரைக்குப் பொருந்தும்.

மிக நுண்ணிய தூள் என்ற எதிர்முனைக்கு இதே தென்கடற்கரை ஒரு சான்று தருகிறது. இங்குள்ள மணலின் இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு கிடைக்கிறது. சாயக்கழிவை ஒளியால் சிதைக்கும் ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் அதன் நுண்தூள் ஏறத்தாழ 20 நானோமீட்டர் அளவினது; ஒரு கிராமில் சுமார் 50 சதுர மீட்டர் பரப்பு. எழுப்பி நிறுத்த அதற்குச் சிரமமே இல்லை. நீரைத் தெளியவைப்பதுதான் பெரும்பாடு.

சுண்ணாம்புக்கும் குறைகள் உண்டு. காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் பட்டாலே அதன் வீரியம் மங்குகிறது. துறைமுகக் காற்றில் திறந்து வைத்த தூளை நம்ப முடியாது. வினை நடக்கும்போது சிறிது கால்சியம் கரைந்தும் போகிறது. அமெரிக்காவின் உயிரி டீசல் தரநிலை கால்சியம், மக்னீசியம் இரண்டும் சேர்ந்து பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. ஆகவே கழுவுநீர் முற்றிலும் ஒழிந்துவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. மூலப்பொருள் பற்றியும் ஒரு வார்த்தை: சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்த கடல் இது. தூத்துக்குடிக்கு அருகிலிருந்த விலாங்குசல்லித் தீவு இன்று நீருக்கடியில் இருக்கிறது. உணவுக்குப் பின் எஞ்சும் ஓடுகளைத் தவிர வேறெதையும் காளவாயில் போடும் யோசனை பேச்சுக்கே வரக் கூடாது.

ஆய்வுக்கூட முகவையில் கிடைத்த அளவை அப்படியே ஆலைக்குக் கொண்டுபோவதும் தவறு. காந்தக் கலக்கியின் கட்டை முகவையின் அடியில் அம்மிக்குழவி போல உருண்டு, சுட்ட ஓட்டின் மெல்லிய குருணையை அரைத்துவிடுகிறது. தொடங்கும்போது அளந்த பருமன் முடியும்போது இருப்பதில்லை. வேகமும் அப்படித்தான். ஒரே அமைப்புள்ள தொட்டிகளில் 5 சென்டிமீட்டர் கலக்கிக்கு நிமிடத்துக்கு 700 சுற்று தேவையென்றால், 50 சென்டிமீட்டர் கலக்கிக்கு 100 சுற்றே போதும். “700 சுற்றில் கலக்கப்பட்டது” என்று மட்டும் எழுதினால் தொட்டி கட்டுபவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

சிப்பிச் சுண்ணாம்பைப் பற்றி எழுதும் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் விளைச்சல் சதவீதத்தோடு நிறுத்தாமல் ஆறு எண்களையும் சேர்த்து அச்சிட வேண்டும்: சலித்த துகளின் பருமன், வினைக்குப் பின் அதன் பருமன், கலக்கியின் விட்டமும் வேகமும், கலக்கல் நின்றபின் தெளிய ஆகும் நேரம், டீசலில் கரைந்த கால்சியத்தின் அளவு.