'செத்துடலாம்னு தோணுதா?' - தயங்காமல் கேளுங்கள்... அந்தக் கேள்வி ஓர் உயிரைக் காக்கலாம்!

திருச்சி அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். எப்போதும் கேலியும் கிண்டலுமாக இருக்கும் ஒருவர், சில வாரங்களாக டீ குடிக்கக்கூட வெளியே வருவதில்லை. 'கடன் தொல்லையாம்' என்று சக தொழிலாளர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஒருநாள், ஆசையாக வாங்கிய பைக்கின் சாவியை நண்பரிடம் நீட்டி, 'இனிமே நீயே வச்சுக்க மாப்ள' என்கிறார். ஏதோ விரக்தி என்று கடந்துபோவதா, உட்கார வைத்துப் பேசுவதா?

பேச வேண்டும். அதுவும் அன்றைக்கே.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். தமிழகத்தில் மட்டும் 19,834 பேர். நாடு முழுக்க இறந்தவர்களில் சுமார் நான்கில் ஒருவர் தினக்கூலித் தொழிலாளி.

எதைக் கவனிக்க வேண்டும்?

* 'நான் எல்லாருக்கும் பாரமா இருக்கேன்', 'நான் இல்லைன்னா நிம்மதியா இருப்பீங்க' போன்ற பேச்சு.

* தூக்கம், சாப்பாடு குறைவது, குடி கூடுவது, ஆட்களைத் தவிர்ப்பது.

* பிடித்த பொருள்களைப் பிறருக்குக் கொடுப்பது, விடைபெறுவதுபோலப் பேசுவது.

* பல நாள் தவிப்புக்குப் பிறகு, காரணமே இல்லாமல் திடீரென அமைதியாவது.

ஏற்கெனவே ஒருமுறை முயன்றவர் என்றால் கூடுதல் கவனம் தேவை. 'சொல்றவன் செய்ய மாட்டான்' என்பது தவறான நம்பிக்கை. பலர் ஏதோ ஒரு வகையில் முன்பே சொல்லியிருக்கிறார்கள்.

எப்படிக் கேட்பது?

'கேட்டால் நாமே நினைவுபடுத்தியதுபோல ஆகிவிடுமோ' என்று பயப்படுகிறோம். அப்படி ஆகாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனமும் மனநல மருத்துவர்களும் சொல்வது. மனதில் புதைத்ததைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தால், பாரம் குறையும். தனியாக அழைத்துப்போய், 'ரொம்ப கஷ்டத்துல இருக்கீங்கன்னு தெரியுது. செத்துடலாம்னு தோணுதா?' என்று நேரடியாகக் கேளுங்கள்.

'ஆமா' என்றால் பதறாதீர்கள். 'புள்ளகுட்டிய நெனச்சுப் பாத்தியா?', 'இதெல்லாம் ஒரு பிரச்னையா?' என்ற வசனங்கள் வேண்டாம். ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில் இருப்பவரை அவை இன்னும் ஒடுக்கும். 'நல்லவேளை, என்கிட்ட சொன்னீங்க' என்று சொல்லிவிட்டு, காதுகொடுத்துக் கேளுங்கள்.

அடுத்து என்ன செய்வது?

* அவரைத் தனியே விடாதீர்கள். ஆபத்தான பொருள்களை அவர் கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்துங்கள்.

* 'யார்கிட்டயும் சொல்லாத' என்று சத்தியம் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர் நம்பும் ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

* 'போய் டாக்டரைப் பாருங்க' என்பதோடு நிறுத்தாமல், கூடவே போங்கள். திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உடனடி ஆபத்து என்றால் 108-ஐ அழையுங்கள்.

* நெருக்கடி தணிந்த பிறகும் தொடர்பில் இருங்கள். 'சாப்பிட்டீங்களா?' என்று தினமும் ஒரு போன்கூடப் பெரிய ஆதரவுதான்.

'போலீஸ் கேஸ் ஆயிடுமே' என்று மறைக்கும் குடும்பங்கள் உண்டு. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்கிறது. எனவே, பயந்துகொண்டு சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடனை உங்களால் அடைக்க முடியாமல் போகலாம், குடும்பச் சண்டையைத் தீர்க்க முடியாமல் போகலாம். அந்த ராத்திரியைத் தனியாகக் கடக்க விடாமல் பார்த்துக்கொள்ள, பக்கத்தில் இருக்கும் யாராலும் முடியும்.

தற்கொலை எண்ணம் தோன்றினால், உங்களுக்காகவோ உங்களைச் சார்ந்தவருக்காகவோ அழையுங்கள்:
டெலி மானஸ் (24 மணி நேரமும், தமிழிலும்): 14416
தமிழக அரசின் உதவி எண்: 104
சினேகா தற்கொலைத் தடுப்பு மையம், சென்னை: 044-24640050