சின்னசேலம் டிக்கெட்டும் வேக்ஸ் இயந்திரமும்

நான் படித்து முடித்து ஊரை விட்டுக் கிளம்பும்வரை கள்ளக்குறிச்சிக்கு ரயில் கிடையாது. சின்னசேலம் போகணும், இல்லை விழுப்புரம் போகணும். வெள்ளிமலைப் பக்கத்து ஆட்களுக்கு அதற்கு முன்னால் கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் பஸ் ஒன்று கூடுதல். ஆனால் ரயில் இல்லாத ஊரிலும் ரயில் டிக்கெட் உண்டு. பிரவுசிங் சென்டர்க்காரர் காலை பத்து மணிக்கு ஏசி தட்கல், பதினொன்றுக்கு ஸ்லீப்பர் தட்கல் என்று விரலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் 'புக்' அழுத்தியதும் அந்தக் கோரிக்கை கடைசியில் போய்ச் சேரும் இடம் லினக்ஸ் அல்ல, விண்டோஸ் அல்ல என்பது வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அது ஓப்பன் விஎம்எஸ். என் வயதுக்காரர்களில் பலர் கேள்விப்படாத பெயர்.

கம்ப்யூட்டருக்கு முந்தைய முன்பதிவை இன்று கற்பனை செய்வதே கஷ்டம். ஒவ்வொரு ரயிலுக்கும், ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பேரேடு. அந்தப் பேரேடு எந்தக் கவுண்டரில் இருக்கிறதோ அங்கேதான் அந்த வண்டிக்கு வரிசை. திரும்பி வரும் பயணத்துக்கு இடம் வேண்டுமென்றால் தந்தி போகும், பதிலுக்குக் காத்திருக்கணும். வழியில் இருக்கும் ஸ்டேஷன்களுக்கு நான்கு படுக்கை, ஆறு படுக்கை என்று கோட்டா பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். ஒரே படுக்கையை இரண்டு ஊரில் விற்றுவிடாமல் இருக்க அன்றைக்கு அதைவிட நல்ல வழி இல்லை.

1985 இறுதியில் டெல்லியில் சோதனையாகத் தொடங்கிய 'இம்ப்ரெஸ்' மென்பொருள்தான் அந்தப் பேரேட்டை இயந்திரத்துக்குள் கொண்டுவந்தது. எழுதியது பொதுத்துறை நிறுவனமான சிஎம்சி. ஐபிஎம் 1978ல் இந்தியாவை விட்டுப் போனபோது இங்கே விட்டுச்சென்ற இயந்திரங்களைப் பராமரித்தவர்களும் அவர்கள்தான். தேர்ந்தெடுத்தது அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் வேக்ஸ் கணினி. அதன் இயங்குதளம் விஎம்எஸ்.

இந்தக் கதையைச் சொல்லும் பலர் "ரயில்வே ஏன் இப்படி யாருக்கும் தெரியாத ஒன்றை எடுத்தது?" என்று கேட்கிறார்கள். எனக்கு இந்தக் கேள்வியே தப்பாகத் தெரிகிறது. 1985ல் வேக்ஸ் ஊரறிந்த இயந்திரம், டிஜிட்டல் நிறுவனம் உலகின் மிகப் பெரிய கணினி நிறுவனங்களில் ஒன்று. லினக்ஸ் பிறக்கவே இன்னும் ஆறு வருடம் இருந்தது. ரயில்வே சந்துக்குள் போகவில்லை. மெயின் ரோட்டில்தான் நின்றது, ரோடுதான் வேறு பக்கம் போய்விட்டது.

தேர்வு நல்ல தேர்வும்கூட. விஎம்எஸ்ஸில் பல கணினிகளை ஒன்றாகக் கட்டி ஒரே கணினிபோல ஓட்டலாம். கிளஸ்டர் என்ற அந்த வசதியை 1980களின் நடுவிலேயே விற்றார்கள். அதன் உயிர்நாடி 'லாக் மேனேஜர்'. ஒரு பெட்டியின் 32ஆம் படுக்கையை சென்னைக் கவுண்டர் தொட்டிருக்கும்போது பக்கத்துக் கவுண்டர் அதைப் பார்க்கலாமா, மாற்றலாமா, அல்லது காத்திருக்கணுமா என்பதற்கு ஆறு வகைப் பூட்டுகளை இயங்குதளமே தருகிறது. ஒரு கணினி செத்தால் அது பிடித்திருந்த பூட்டுகளை மற்றவை கணக்குத் தீர்த்துவிட்டு வேலையைத் தொடரும். பேரேட்டைக் கையில் வைத்திருந்த கிளார்க்கின் வேலை கிட்டத்தட்ட இதுதானே. பிறகு ரயில்வேயின் சொந்த அமைப்பான கிரிஸ் எழுதிய 'கான்சர்ட்' மென்பொருள் வந்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999ல் அதன் வழியாக இணைந்தன. எந்தக் கவுண்டரிலும் எந்த ஊர் டிக்கெட்டும் என்ற நிலை அப்போதுதான் வந்தது. 2002ல் இணையத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கியதும் இதன் தலைமேல்தான்.

சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. எங்கள் கல்வராயன் மலை நெடுங்காலம் சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் கையில் இருந்தது. 1976ல்தான் அரசிடம் வந்தது. அதற்கு அடுத்த வருடம் விஎம்எஸ் அறிவிக்கப்பட்டது. தனியார் இயங்குதளமும் ஒரு ஜாகீர்தான்: உழுவது நாம், நிலம் அவர்களுடையது. டிஜிட்டலை 1998ல் காம்பேக் வாங்கியது. காம்பேக்கை 2002ல் எச்பி சேர்த்துக்கொண்டது. எச்பி 2009ல் விஎம்எஸ் மேம்பாட்டு வேலையைப் பெங்களூருக்கு மாற்றியது, 2013ல் புதிய சிப்களுக்குக் கொண்டுபோகப்போவதில்லை என்று கைவிரித்தது. 2014ல் விஎம்எஸ் சாஃப்ட்வேர் என்ற சிறிய நிறுவனம் பொறுப்பை வாங்கிக்கொண்டது. பழைய டிஜிட்டல் பொறியாளர்கள் பலர் அதில் இருந்தார்கள். அவர்கள் வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் கொஞ்சம் பகீரென்கிறது.

காலுக்குக் கீழே சிப்பும் மாறியது. வேக்ஸிலிருந்து ஆல்ஃபா, ஆல்ஃபாவிலிருந்து இட்டானியம். ஒவ்வொரு தாவலிலும் மென்பொருளை மறுபடி கம்பைல் செய்து, முழுக்கச் சோதிக்கணும். வேக்ஸ் தசம எண்களை வைத்திருந்த முறையே வேறு, இட்டானியத்தில் அதை மென்பொருளால் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அந்த இட்டானியத்தையும் இன்டெல் 2021ல் நிறுத்திவிட்டது. நாமெல்லாம் பயன்படுத்தும் சாதாரண எக்ஸ்86 சிப்பில் விஎம்எஸ் முறையாக ஓடத் தொடங்கியது 2022ல்.

ஆர்வத்தில் என் லேப்டாப்பில் சிம்எச் என்ற எமுலேட்டரை வைத்து ஒரு வேக்ஸை ஓட்டிப் பார்த்தேன். முதல் நாள் தடுமாற்றம்தான். ஃபோல்டர் மாற 'செட் டீஃபால்ட்'. ஃபைலை ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பெயருக்குப் பின்னால் ;1, ;2, ;3 என்று புதிய பிரதி முளைக்கிறது. பழையதை நாமாக 'பர்ஜ்' சொல்லித்தான் கழிக்கணும். இரண்டாவது வாரத்தில் அதுவே பிடித்துவிட்டது. ஆனால் பிழைச் செய்தியைத் தேடுபொறியில் போட்டால் பதில் அபூர்வம். உட்கார்ந்து கையேட்டைப் படிக்கணும். கையேடு அருமையாக இருக்கிறது என்பது வேறு விஷயம். நமக்குப் பழகிய டாக்கர் மாதிரியான கருவிகளை எதிர்பார்க்க முடியாது. திறந்தமூல நூலகங்கள் யாராவது மெனக்கெட்டுக் கொண்டுவந்தால்தான் உண்டு. பயோடேட்டாவில் விஎம்எஸ் என்று எழுதினால் எத்தனை கம்பெனி கூப்பிடும்? கற்றுக்கொள்ள ஒரு இளைஞனுக்கு என்ன காரணம் இருக்கிறது?

ஒரு தொழிற்சாலையில் வேக்ஸ் பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "தம்பி, வேக்ஸ் ஓடுற இடத்துல ராத்திரி போன் வராது" என்றார் பெருமையாக. கொஞ்சம் நேரம் கழித்து அவரே, "போன் வராததாலதான் எங்களுக்கு அப்புறம் யாரையும் எடுக்கல" என்றார். அடிக்கடி விழுகிற சர்வருக்கு ஆள் போடுவார்கள், பட்ஜெட் வரும், மீட்டிங் நடக்கும். விழாத சர்வரை அதை அறிந்தவர்கள் ஓய்வுபெறும் வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இப்போது திரும்பிப் பார்க்கிறார்கள். தற்போதைய முன்பதிவு அமைப்பு 2010ல் நிறுவப்பட்டது, இட்டானியம் சர்வர்களிலும் ஓப்பன் விஎம்எஸ்ஸிலும் ஓடுகிறது, மேகக்கணினிக்கு ஏற்றபடி மாற்ற வேண்டியிருக்கிறது என்று 2025 ஆகஸ்டில் அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. நிமிடத்துக்குச் சுமார் 25,000 டிக்கெட் என்ற அளவை 1 லட்சத்துக்கு மேல் உயர்த்துவது திட்டம்.

வேகம் வந்துவிடும், அது பணமும் இயந்திரமும் சம்பந்தப்பட்டது. நான் கவலைப்படுவது விதிகளைப் பற்றி. உங்கள் டிக்கெட்டில் ஜிஎன்டபிள்யூஎல், ஆர்எல்டபிள்யூஎல், பிக்யூடபிள்யூஎல் என்று விதவிதமாகக் காத்திருப்புப் பட்டியல் வருகிறதே, அவற்றின் வேர் அந்தப் பேரேட்டுக் காலத்துக் கோட்டாவில் இருக்கிறது. வழியோர ஸ்டேஷனுக்கு என்று ஒதுக்கிய படுக்கைகள் காகிதத்திலிருந்து வேக்ஸுக்கும், அங்கிருந்து இட்டானியத்துக்கும் நடந்தே வந்திருக்கின்றன. ஒரு படுக்கை எந்த ஊர்வரை யாருக்கு, எப்போது பொதுவில் விடணும், ஆர்ஏசி ஆள் எப்போது மேலே ஏறணும் என்பதெல்லாம் நாற்பது வருடமாக ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த நிபந்தனைகள். புதிய சர்வரில் அவற்றை எழுதப்போகிறவர்கள் முதலில் பழைய குறிமுறையைப் படிக்கணும். விஎம்எஸ்ஸில் உட்கார்ந்து அதைப் படிக்கத் தெரிந்தவர்களையும் இப்போதே பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளணும்.